மதுவின் விலையை உயர்த்தினால் போதுமா? ஒரு வரலாற்றுப் பார்வை

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் வியாழக்கிழமையன்று தமிழக அரசு டாஸ்மாக் கடைகளில் மதுவின் விலையை உயர்த்தியது. சாதாரண ரகக் குவார்ட்டர், அதாவது 180 மில்லி லிட்டர் புட்டி, 130 ரூபாயிலிருந்து 140 ரூபாய் ஆயிற்று. மறுநாள் ஜும்ஆ. அன்றைய பயானில் நான் இதனைக் குறிப்பிட்டு, "விலை ஏறினால் குடி குறையும், எந்த வழியில் குறைந்தாலும் நன்மையே, இதனை நாம் வரவேற்க வேண்டும்" என்று பேசினேன். கேட்டிருந்தவர்களும் தலையசைத்தனர்.

எங்கள் காஞ்சிபுரத்தில் மஃக்ரிப் தொழுகை முடியும் நேரத்தில், பள்ளிவாசல் வாயிலில் பிற சமயத்தைச் சேர்ந்த தாய்மார்கள் கைக்குழந்தைகளுடன் காத்திருப்பது தொன்றுதொட்ட வழக்கம். குழந்தைக்கு ஓதிப் பார்த்து அனுப்புவோம். அந்த விலை உயர்வுக்குச் சில வாரங்கள் கழித்து, பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்மணி காய்ச்சல் கண்ட குழந்தையுடன் வந்திருந்தார். கணவர் பட்டுத்தறி நெய்பவர்; இவர் அவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பவர். குழந்தை மிகவும் மெலிந்திருக்கவே, மருத்துவரிடம் காட்டுமாறு சொல்லிவிட்டு, "பால் கொடுக்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

"பால நிறுத்திட்டேன், பாய். சரக்கு வெல ஏத்திட்டாங்க இல்ல? அந்தப் பத்து ரூபா அவருக்கு ஏறல, எனக்குத்தான் ஏறிச்சு" என்றார்.

அவர் குறையாகக் கூடச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். நாளொன்றுக்குப் பத்து ரூபாய் என்றால் மாதம் முந்நூறு ரூபாய். கணவர் தம் புட்டியைக் குறைக்கவில்லை. வீட்டுக்குத் தரும் பணத்தில் குறைத்தார். மிம்பரின் மீதிருந்து நான் வரவேற்ற விலை உயர்வை அந்தக் குழந்தை செலுத்திக் கொண்டிருந்தது. அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு தேடிப் படித்ததையும், பெரியோர்களிடம் கேட்டறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன். விலையைக் கொண்டு குடியைக் கட்டுப்படுத்த முடியுமா? முடியுமாயின் அதன் பலன் யாருக்கு, சுமை யாருக்கு? இதுவே நம் முன் உள்ள கேள்வி.

திருக்குர்ஆன் காட்டிய தராசு

நபித்தோழர்கள் மதுவைப் பற்றி வினவியபோது அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அருளப்பட்டது. மதுவிலும் சூதாட்டத்திலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை இறைவன் அங்கே மறுக்கவில்லை. பயனையும் சொல்லி, பாவத்தையும் சொல்லி, பயனைவிடப் பாவமே பெரிது என்று நிறுத்துக் காட்டினான். அந்தப் பயன்களுள் வணிக இலாபத்தையும் தஃப்ஸீர் ஆசிரியர்கள் சேர்த்தே எழுதியுள்ளனர். ஆக, மதுவின் பொருளாதாரம் என்பது நம் காலத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட வாதமன்று. அது அன்றே தராசில் ஏற்றப்பட்டு, எடை குறைந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்டது.

அடுத்து, போதையுடன் தொழுகையை நெருங்கலாகாது என்ற கட்டளை அந்நிஸா அத்தியாயத்தில் வந்தது. நாளொன்றுக்கு ஐந்து வேளை தொழுபவர் குடிப்பதற்கு நேரம் தேட வேண்டியதாயிற்று. இறுதியாக அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் முழுத் தடையை விதித்தன. அறிவிப்பாளர் தெருவில் கூவிச் சென்றபோது, அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்தினருக்கு மது ஊற்றிக் கொண்டிருந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். அப்போதே அனைத்தையும் கொட்டச் சொன்னார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடிற்று என்று அனஸ் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள்.

இதே அபூதல்ஹா (ரலி) அவர்களின் பொறுப்பில் சில அநாதைக் குழந்தைகள் இருந்தனர். அவர்களுக்கு வாரிசுச் சொத்தாக வந்தது மது. அதனை என்ன செய்வது என்று அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். கொட்டிவிடச் சொன்னார்கள். காடியாக மாற்றிக் கொள்ளலாமா என்று கேட்டபோதும், வேண்டாம் என்றே பதில் வந்தது. அபூதாவூத் முதலிய நூல்களில் இந்த ஹதீஸ் இடம்பெற்றுள்ளது. அநாதையின் சொத்தைப் பற்றி இஸ்லாம் எவ்வளவு கண்டிப்பானது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த அநாதைகளின் நலனுக்காகக் கூட மதுவின் வருமானம் அனுமதிக்கப்படவில்லை. மது வருமானம் இல்லாவிட்டால் ஏழைகளுக்கான நலத்திட்டங்கள் நின்றுவிடும் என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஹதீஸை நான் நினைத்துக் கொள்வேன்.

இது நம் மார்க்கத்தின் தீர்ப்பு. ஆனால் பல சமயத்தார் வாழும் ஒரு நாட்டில், ஓர் அரசு மதுவை எவ்வாறு கையாண்டது, எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை வரலாற்றில்தான் பார்க்க வேண்டும்.

தில்லியில் ஒரு சுல்தான்

1296 முதல் 1316 வரை தில்லியை ஆண்ட அலாவுத்தீன் கில்ஜி சந்தை விலைகளைக் கட்டுப்படுத்தியவர் என்று பள்ளிப் பாடங்களில் படித்திருப்பீர்கள். அவர் மதுவையும் தடை செய்தார். தம் அரண்மனை மதுவையே பதாயூன் வாயிலருகே கொட்டச் செய்தார் என்றும், அங்கு மழைக்காலம் போலச் சேறாயிற்று என்றும் வரலாற்றாசிரியர் ஸியாவுத்தீன் பரனி எழுதுகிறார். மீறியவர்களை அடைப்பதற்குக் குழிச் சிறைகள் தோண்டப்பட்டன.

ஆயினும் நடந்தது என்ன? வைக்கோலிலும் விறகிலும் மறைத்து மது நகருக்குள் வந்தது. வீடுகளில் இரகசியமாகக் காய்ச்சினர். இறுதியில் சுல்தானே இறங்கி வந்து, பொது விற்பனையும் கூடிக் குடிப்பதும் கூடாது. தன் வீட்டில் தனியே குடிப்பவரைத் தொடரப் போவதில்லை என்று தளர்த்த நேர்ந்தது. மதீனாவில் ஓர் அறிவிப்பில் முடிந்தது தில்லியில் சிறைகளாலும் முடியவில்லை. அங்கே உள்ளங்கள் ஆண்டுக்கணக்கில் பக்குவப்படுத்தப்பட்டிருந்தன. இங்கே கட்டளை மட்டுமே இருந்தது. கடையை மூடுவது ஒரு வேலை. மனிதனைத் திருத்துவது மற்றொரு வேலை. இரண்டும் சேர்ந்தே நடைபெற வேண்டும்.

ஆப்காரி

நம் ஊருக்கு வருவோம். காஞ்சி நகரில் மதுக்கடை புதிதன்று. ஏழாம் நூற்றாண்டின் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மர் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் அங்கத நாடகம் காஞ்சித் தெருக்களிலேயே நடப்பது. அதில் மதுக்கடை ஒன்றும் வருகிறது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் குடி என்பது ஓர் அரசர் எடுத்து எழுதும் அளவுக்குக் கண்ணில் பட்டிருக்கிறது.

ஆனால், மதுவின் விலையை வைத்து அரசு கணக்குப் போடத் தொடங்கியது வெள்ளையர் ஆட்சியில்தான். மதுத் தீர்வைக்கு 'ஆப்காரி' என்று பெயர். ஆப் என்றால் நீர், கார் என்றால் தொழில் என்று பாரசீகம் அறிந்தவர்கள் சொல்வர். 1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. கள் இறக்க மரத்துக்கு வரி, சாராயம் காய்ச்ச உரிமம், கடை நடத்த ஏலம் என்று அனைத்தும் அரசின் பிடிக்குள் வந்தன. குறைந்த குடியிலிருந்து நிறைந்த வருமானம் என்பதே அந்நாளைய ஆட்சியாளர்கள் கூறிய கொள்கை. தீர்வையை உயர்த்தினால் விலை உயரும்; விலை உயர்ந்தால் குடி குறையும்; குடி குறைந்தாலும் கஜானா குறையாது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்ற கணக்கு அது.

இதில் ஒரு கண்ணி இருந்தது. இரண்டு மாங்காய்களில் எது முதலில் விழ வேண்டும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. வருமானம் எவ்வளவு வந்தது என்பது ஆண்டுதோறும் அறிக்கையில் ரூபாய் அணா வரை வரும். எத்தனை குடும்பங்கள் குடியிலிருந்து மீண்டன என்பதற்கு எந்த அறிக்கையும் கிடையாது. எண்ணப்படுவது வளரும், எண்ணப்படாதது மறக்கப்படும்.

இதனை எதிர்த்தே 1920, 1921ஆம் ஆண்டுகளில் ஒத்துழையாமை இயக்கமும் கிலாஃபத் இயக்கமும் கைகோத்து நின்ற நாட்களில், கள்ளுக்கடை மறியல் நாடெங்கும் நடந்தது. ஈரோட்டில் பெரியார் தம் தென்னந்தோப்பு மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவருடைய துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் இறங்கினர். மது எதிர்ப்பு அந்நாளில் எந்த ஒரு சமயத்துக்கும் கட்சிக்கும் உரியதாக இருக்கவில்லை.

வருமானத்தை விட்டவர்கள்

1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரான இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பிறகு சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கு அது விரிந்தது. விலையை உயர்த்திப் பார்ப்போம் என்று அவர் தொடங்கவில்லை. வருமானத்தையே விட்டுக் கொடுத்தார். அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றினார். இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு முன்னோடி அதுவே. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். எனினும் குடிப்பவனிடம் வாங்கிய பணத்தை எல்லாரிடமும் சிறிது சிறிதாக வாங்குவதே அறம் என்பது அவரது கருத்து.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல் ஆளுநரின் ஆலோசகர்கள் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின், முதலமைச்சர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. எங்கள் காஞ்சியின் மைந்தர் அறிஞர் அண்ணா 1967இல் முதலமைச்சரானார். ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்திற்குப் பணம் தேவைப்பட்ட அந்த நெருக்கடியிலும் அவர் மதுவிலக்கில் கை வைக்கவில்லை. நெசவாளர் நகரில் பிறந்து வளர்ந்தவருக்கு, கூலி வாங்கும் சனிக்கிழமை மாலையில் கடை திறந்திருந்தால் தறிக்காரர் வீட்டில் என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியிருந்திருக்காது.

1971 ஆகஸ்டு 30 அன்று மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு மைய அரசு உதவித்தொகை தருகிறது. ஏற்கெனவே நடத்திவரும் தமிழகத்திற்குத் தருவதில்லை என்பது அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதியின் வாதம். தொண்ணூற்றிரண்டு வயது இராஜாஜி அவரது இல்லம் தேடிச் சென்று வேண்டியும் பயனில்லாமற் போயிற்று. இதற்குப் பிந்திய வரலாறு திறப்பதும் மூடுவதுமாகவே சென்றது. 1974இல் கடைகள் மூடப்பட்டன. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறக்கப்பட்டன. 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவப்பட்டது. 1987இல் கள், சாராயக் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1990இல் மலிவு விலை மது வந்தது. 1991இல் முதலமைச்சர் ஜெயலலிதா அதனை ஒழித்தார். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே ஏற்றுக் கொண்டது.

இவற்றுள் 1991ஆம் ஆண்டு நம் கேள்விக்கு மிக முக்கியமானது. மலிவான சாராயம் சட்டப்படி கிடைக்காமற் போனதால், அரசு அனுமதித்த மதுவில் மிகக் குறைந்த விலையுடையது 'சீமைச் சரக்கு' குவார்ட்டர்தான் என்றாயிற்று. அப்பெயர் இல்லாவிட்டாலும், அது ஒரு குறைந்தபட்ச விலை நிர்ணயமே. 2003க்குப் பின் விற்பவரும் அரசே, விலை வைப்பவரும் அரசே. ஆகவே இன்று மேலைநாடுகள் புதுமையாகப் பேசும் ஒன்றைத் தமிழகம் பல்லாண்டுகளாக நடைமுறையில் வைத்திருக்கிறது.

ஸ்காட்லாந்து கண்ட பலன்

குடியால் ஈரல் கெட்டு இறப்பவர்கள் பெருகிய நாடு ஸ்காட்லாந்து. அந்நாட்டுப் பாராளுமன்றம் 2012இல் ஒரு சட்டம் இயற்றியது. மதுவில் உள்ள தூய சாராயத்தின் அளவைக் கணக்கிட்டு, 10 மில்லி லிட்டருக்கு, அதாவது ஓர் அலகுக்கு, இன்ன விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்பதே அது. மது வணிகர்கள் வழக்குத் தொடுத்தனர். ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்த வழக்கில் 2017 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 2018 மே முதல் நாள் அலகுக்கு 50 பென்ஸ் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டம்பர் 30 முதல் அது 65 பென்ஸாக உயர்த்தப்பட்டது. 2020இல் வேல்ஸும், 2022இல் அயர்லாந்தும் இதே வழியில் சென்றன.

பலன் என்ன? ஸ்காட்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மது விற்பனை ஏறத்தாழ 3 விழுக்காடு குறைந்தது. சட்டம் இல்லாதிருந்தால் நேர்ந்திருக்கக் கூடியதைவிட, நேரடியாகக் குடியால் ஏற்படும் மரணங்கள் 13.4 விழுக்காடும், மருத்துவமனைச் சேர்க்கை 4.1 விழுக்காடும் குறைந்தன. ஏழைகள் மிகுந்த பகுதிகளில்தான் மரணக் குறைவு அதிகம். மது வணிகம் இதனால் நொடித்துப் போனதாகச் சான்று கிடைக்கவில்லை. ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பானது என்று நம்பும் நாம் இந்தப் பலனைச் சிறிதாக எண்ணலாகாது. விலைக்கு வலிமை உண்டு என்பது மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. ஆகவே அந்த ஜும்ஆவில் நான் பேசியது முழுவதும் தவறன்று.

ஆனால் பாதிதான் சரி. அதே ஆய்வுகள் வேறொன்றையும் கண்டன. குடிக்கு முற்றிலும் அடிமையானவர்கள் தங்கள் குடியைக் குறைத்ததற்குத் தெளிவான சான்று இல்லை. அவர்களுள் சிலர் கடன் வாங்கினர். சிலர் உணவுக்கான செலவைக் குறைத்தனர். பிள்ளையார்பாளையத்துப் பெண்மணி ஒரே வாக்கியத்தில் சொன்னதும் இதுதான். ஸ்காட்லாந்தில் 2023இல் குடியால் இறந்தவர்கள் 1,277 பேர். 2008க்குப் பின் அதுவே மிக அதிகம். கொரோனாக் காலத்தில் பெருகிய குடி அதற்கு ஒரு காரணம் என்பர். வெள்ளம் ஏறும்போது கரை சிறிது தடுத்தது, வெள்ளத்தை நிறுத்தவில்லை.

மற்றொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் கூடுதல் விலை விற்பவருக்கே போகிறது, அது வரியன்று. அதனால் அரசுக்கு விலையை உயர்த்துவதில் வருமான ஆசை இல்லை. தமிழகத்திலோ விற்பவரே அரசு.

நம் தராசில்

டாஸ்மாக் சில்லறை விற்பனையை ஏற்ற 2003-04ஆம் ஆண்டில் அதன் வழியாக அரசுக்குக் கிடைத்த வருமானம் 3,639 கோடி ரூபாய். 2023-24இல் அது 45,855 கோடி ரூபாய். இருபது ஆண்டுகளில் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். இந்த இருபதாண்டுகளுக்குள் 2016இலும், 2017இலும், 2023இலும் ஒவ்வொரு முறையும் ஐந்நூறு கடைகள் மூடப்பட்டன. விலையும் பலமுறை உயர்த்தப்பட்டது. ஆயினும் வருமானம் குறையவில்லை.

இதில் மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. அந்த 45,855 கோடியில் பெரும்பகுதி ஆயத்தீர்வை அன்று. மதிப்புக் கூட்டு வரி. அதன் மூதாதை எது? மது வருமானத்தை விட்டுவிட்டுப் பிழைப்பதற்காக இராஜாஜி 1939இல் கொண்டுவந்த விற்பனை வரி! மதுவிலிருந்து விடுபடுவதற்கென்று பிறந்த வரி, மதுவின் மீதே விதிக்கப்படும் வரியாகிவிட்டது. குடிப்பவர் மட்டும் அடிமையாவதில்லை. அந்தப் பணத்தைப் பெறும் கஜானாவும் அடிமையாகிறது. இரண்டாவது அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை எங்கும் இல்லை.

உடல்நலத்தின் கணக்கையும் பார்ப்போம். ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 77 மில்லி லிட்டர் தூய சாராயம் உள்ளது. ஸ்காட்லாந்தின் அளவில் ஏறத்தாழ எட்டு அலகு. வாரம் முழுவதற்கும் பதினான்கு அலகைத் தாண்டக் கூடாது என்பது அந்நாட்டு மருத்துவர்களின் எச்சரிக்கை. நம் ஊரில் நாள்தோறும் ஒரு குவார்ட்டர் குடிப்பவர் இரண்டாம் நாளிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். எந்த அளவும் பாதுகாப்பானதன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. மருந்துக்காக மது தயாரிக்கிறேன் என்றவரிடம், அது மருந்தன்று, நோய் என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததாக முஸ்லிம் நூலில் வரும் ஹதீஸை இங்கே நினைவுகூர்க. பணக்கணக்கோ இன்னும் எளிது. நாளுக்கு 140 ரூபாய் என்றால் மாதம் 4,200 ரூபாய். கோர்வைப் புடவை நெய்யத் தறியில் இருவர் கை வேண்டும். ஒருவர் கை நடுங்கினால் புடவை இறங்காது, கூலி வராது, வாங்கிய முன்பணம் கடனாக ஏறும். நலிந்து வரும் கைத்தறித் தொழிலில் இந்தச் சுமையை எந்தக் குடும்பம் தாங்கும்?

விலை ஏறும்போது மற்றொரு வாசலும் திறக்கிறது. அரசு மதுவுக்கும் ஏழையின் கைக்கும் இடையே விழும் இடைவெளியில் கள்ளச்சாராயம் குடியேறுகிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகேயும், ஒரு காலத்தில் நம் காஞ்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த மதுராந்தகம் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபத்தைந்து உயிர்களுக்கு மேல் பறிபோயின. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணொளியைப் பறித்து, பின் உயிரைப் பறிப்பது. அரசுக் கடை திறந்திருந்தும் அவர்கள் அங்கே போகவில்லை. விலை ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்ல இயலாது. ஊழலும் அலட்சியமும் சேர்ந்தே அந்தக் கொலையைச் செய்தன. ஆயினும் விலையை மட்டும் உயர்த்திவிட்டுக் கண்காணிப்பை உயர்த்தாத அரசு, ஏழையை அந்த வாசலின் பக்கம் தள்ளிவிடுகிறது. மது விலக்கப்பட்ட குஜராத்தில் 2009இலும் 2022இலும் இதே துயரம் நேர்ந்ததையும் மறைக்கலாகாது. தில்லி சுல்தான் கற்ற பாடத்தை நாம் மீண்டும் மீண்டும் கற்றுக் கொண்டிருக்கிறோம்.

ஆக, என் முடிவு இதுதான். விலை உயர்வு ஒரு படி. அதனால் சில உயிர்கள் காக்கப்படும். ஆனால் படி என்பது ஏறிச் செல்வதற்கே, உட்கார்ந்து கொள்வதற்கன்று. திருக்குர்ஆனும் படிப்படியாகவே மதுவைத் தடுத்தது. ஆனால் முதற்படியிலேயே போய்ச் சேர வேண்டிய இடம் எது என்பது தெளிவாயிருந்தது. பயனைவிடப் பாவம் பெரிது என்ற தீர்ப்பு முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டது. விலையை உயர்த்தும் அரசு, அதனால் வரும் கூடுதல் பணத்தைக் குடிநோய்ச் சிகிச்சைக்கும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் தனியே ஒதுக்கி, ஆண்டுதோறும் கடைகளையும் குறைத்து வந்தால், அதனைப் படி என்று ஏற்கலாம். கூடுதல் பணம் பொதுக் கஜானாவில் கரையுமானால் அது படியன்று. குடிப்பவரின் மனைவி மக்கள் மீது விதிக்கப்பட்ட வரி.

நாம் செய்ய வேண்டியது

அன்பர்களே! அரசைக் குறை சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. இது பிறர் வீட்டுப் பிரச்சினை என்று எண்ணவும் வேண்டாம். நம் மஹல்லாக்களிலும் இந்த நோய் நுழைந்துவிட்டது. நாம் மூடி மறைக்கிறோம், அவ்வளவுதான். இதனை எழுதும்போது என் மனக்கண்ணில் தோன்றும் நம்மவர் முகங்கள் உண்டு.

முதலாவதாக, குடிப்பவரை வெறுத்து அவர் வீட்டையும் சேர்த்து ஒதுக்காதீர்கள். அடிக்கடி குடித்துத் தண்டனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரைத் தோழர்களுள் ஒருவர் சபித்தபோது, சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாகப் புகாரியில் வருகிறது. தண்டனையும் இருந்தது, கதவும் திறந்திருந்தது.

இரண்டாவதாக, இதனை நோயென்று கருதி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பல்லாண்டு நாள்தோறும் குடித்தவரை அறையில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தச் செய்வது வலிப்பையும் மரணத்தையும் கூட உண்டாக்கலாம். தவ்பாவுக்கும் மருத்துவத்துக்கும் முரண்பாடு இல்லை.

மூன்றாவதாக, ஜமாஅத்தின் பைத்துல் மால் உதவி, குடிப்பவரின் கையில் பணமாகப் போகாமல், அவர் வீட்டுக்கு அரிசியாகவும் பாலாகவும் பள்ளிக் கட்டணமாகவும் போய்ச் சேரட்டும். பைத்துல் மாலில் ஸகாத்துக்கென உரிய பிரிவுகள் உண்டு; நன்கொடையாக வரும் ஸதகாவைப் பிற சமயத்து அண்டை வீட்டாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். நெசவாளர் தெருவில் நம் கடைகளும் இருக்கின்றன. அவர்களுடைய உழைப்பால் நாமும் பிழைக்கிறோம். வியாபாரிகள் நெசவுக் கூலியைத் தரும்போது, வீட்டுப் பெண்ணின் கையிலும் ஒரு பகுதி சேரும்படி குடும்பத்தாருடன் பேசி ஏற்பாடு செய்தால், அதுவே பெரிய தர்மம்.

அந்தப் பெண்மணியின் குழந்தைக்கு அன்று முதல் எங்கள் பள்ளிவாசல் அருகிலுள்ள பால் கடையிலிருந்து நாளுக்கு ஒரு பாக்கெட் போகிறது. கொடுப்பவர் யாரென்று அவருக்கும் தெரியாது. எழுதவும் அனுமதி இல்லை. இது பிரச்சினைக்குத் தீர்வன்று என்பதை நான் அறிவேன். அவருடைய கணவர் இன்னும் குடிக்கிறார். ஆயினும் மிம்பரிலிருந்து விலை உயர்வை வரவேற்ற ஒருவன், அந்த விலையைச் செலுத்தும் குழந்தையை மறந்துவிட்டு அடுத்த ஜும்ஆவுக்கு ஏற முடியாது.

வல்ல இறைவா! எங்கள் இல்லங்களையும் எங்கள் அண்டை வீட்டாரின் இல்லங்களையும் போதையின் தீமையிலிருந்து காப்பாயாக! அடிமைப்பட்டோருக்கு மீட்சியையும், அவர்தம் மனைவி மக்களுக்கு ஆறுதலையும், ஆள்வோருக்கு நேர்மையான தராசையும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.